மாத்திரையை நிறுத்தும் தேதி

நம் சங்கத்துக் குடும்பங்களில் மார்பகப் புற்றுநோய் என்ற சொல்லை இன்றும் தாழ்ந்த குரலில்தான் சொல்கிறோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்டால், அத்துடன் எல்லாம் முடிந்ததாக நினைத்து விடுகிறோம். ஆனால் பல பெண்களுக்கு அதன் பிறகு தினம் ஒரு மாத்திரை, குறைந்தது ஐந்து வருடம். அதை எப்போது நிறுத்துவது, யார் முடிவு செய்வது என்பது பற்றி என் அனுபவத்தில் பட்டதை எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

என் மனைவிக்கு 2019 இறுதியில் ஆபரேஷன் நடந்தது. ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனால் வளரும் வகைக் கட்டி. மாதவிலக்கு நின்று போனவள் என்பதால், 2020 மார்ச்சில் லெட்ரோசோல் மாத்திரையைத் தொடங்கினார்கள். உடலில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியாவதையே இது குறைத்து விடுகிறது. டாமாக்ஸிஃபென் என்ற மற்றொரு மாத்திரை, அந்த ஹார்மோன் கட்டியின் செல்களில் வேலை செய்யாமல் தடுக்கிறது. இரண்டும் உயிர் காக்கும் மருந்துகள்தாம். ஆனால் லெட்ரோசோல் வகையில் மூட்டு வலி, காலையில் விரல் மடங்காமை, எலும்பு பலவீனம் ஆகியவையும் கூடவே வருவதுண்டு.

2025 மார்ச்சில் ஐந்து வருடம் நிறைந்தது. "இன்னும் தொடரலாமா?" என்று டாக்டர் கேட்டது அவளை. "தொடரலாம்" என்று பதில் சொன்னது நான். முப்பது வருடம் மும்பையில் இருந்தும் ஆஸ்பத்திரியில் இந்தி பேச அவளுக்குக் கூச்சம். "படி ஏறினா முட்டி ரெண்டும் கழண்டு போற மாதிரி இருக்கு" என்று அவள் என்னிடம் சொன்னதை, "தோடா தர்த் ஹை" என்று மூன்று வார்த்தையில் மொழிபெயர்த்தேன். கொஞ்சம் வலி, அவ்வளவுதான். மருந்துச் சீட்டு புதுப்பிக்கப்பட்டது.

நாலு மாதம் கழித்து மருந்து டப்பாவைத் திறந்தேன். ஸ்டோர் கணக்குப் பார்த்த பழக்கம், அட்டைகளை எண்ணினேன். தீர்ந்திருக்க வேண்டியதில் பாதி அப்படியே இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சாப்பிட்டிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்து விட்டது. அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "மாத்திரை சாப்பிடறது நான். வலி எனக்கு. தேதி மட்டும் நீங்க வைப்பீங்களா?"

அதன் பிறகுதான் மகன் உதவியுடன் ஆராய்ச்சி முடிவுகளைப் படித்தேன்.

ஐந்து வருடத்தோடு மாத்திரையை நிறுத்திய 62,923 பெண்களைப் பற்றிய தொகுப்பு 2017-இல் வெளிவந்தது. கட்டி 2 செ.மீ.க்கு மேற்படாமல், அக்குளில் பரவாமல் இருந்தவர்களில், அடுத்த 15 வருடங்களில் உடலின் வேறு இடத்தில் நோய் திரும்பும் அபாயம் 100-க்கு 13. அதே அளவு கட்டியுடன், அக்குளில் நான்கு முதல் ஒன்பது நிணநீர் முடிச்சுகளில் பரவியிருந்தவர்களுக்கு 34. டாமாக்ஸிஃபெனைப் பத்து வருடம் வரை தொடர்ந்தால் என்ன என்பதை அட்லஸ் என்ற ஆய்வு 2012-இல் சொன்னது. நோயால் இறப்பவர்கள் 100-க்கு 15 என்பது 12 ஆகக் குறைந்தது. ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. லெட்ரோசோலைச் சேர்ந்த அனாஸ்ட்ரோசோல் மாத்திரையை வைத்து ஆஸ்திரியாவில் நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. மொத்தம் ஏழு வருடம், பத்து வருடம் என இரண்டையும் ஒப்பிட்டார்கள். நோய் திரும்புவதில் வித்தியாசம் இல்லை. பத்து வருடக்காரர்களுக்கு எலும்பு முறிவு மட்டும் கூடுதல்.

ஆகவே எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. பாதையில் பெரிய வேலை முடிந்ததும் நாங்கள் வேகக் கட்டுப்பாடு வைப்போம். முதலில் மணிக்கு 20 கிலோமீட்டர். பாதை இறுக இறுகப் படிப்படியாக உயர்த்துவோம். டிரைவருக்கு அலுத்துப் போயிற்று என்று அதை எடுக்க முடியாது. அதே சமயம், எடுக்க யாருக்கும் நினைவில்லை என்பதற்காக வருடக்கணக்கில் விட்டு வைப்பதும் தவறு. பாதையை நேரில் பார்த்து, அளந்து, கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும். மாத்திரையும் அப்படித்தான். சொல்லாமல் விடுவதும் தவறு; கேட்காமல் தொடர்வதும் தவறு.

ஐந்தாம் வருட முடிவில் இதற்கென்றே தனியாக நேரம் வாங்கி டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கட்டி எவ்வளவு பெரிது, எத்தனை முடிச்சுகளில் இருந்தது, எலும்பு அடர்த்திச் சோதனை என்ன சொல்கிறது, தொடர்ந்தால் எனக்கு எவ்வளவு லாபம் என்று கேட்க வேண்டும். வலியை மறைக்கக் கூடாது. மாத்திரையை மாற்றினால் சிலருக்கு வலி குறைகிறது, சொன்னால்தானே மாற்றுவார்கள்? கணவன்மாரும் பிள்ளைகளும் கூடப் போகலாம், ஆனால் பதில் சொல்ல வேண்டியவள் அவள்.

அடுத்த முறை, இந்தியும் மராத்தியும் நன்றாகத் தெரிந்த பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்மணி என் மனைவியுடன் உள்ளே போனார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு முடிச்சில் நோய் இருந்ததால் உடனே நிறுத்த வேண்டாம், ஏழு வருடம் போதும் என்று பேசி முடிவாயிற்று. லெட்ரோசோலுக்குப் பதில் எக்ஸிமெஸ்டேன் கொடுத்தார்கள். வலி முழுவதும் போகவில்லை. மாட்டுங்கா ஸ்டேஷன் படியை இப்போது கம்பியைப் பிடிக்காமல் ஏறுகிறாள். தன் டைரியில் அவளே எழுதி வைத்திருக்கிறாள்: 2027 மார்ச்.

நம் சங்கத்து மகளிர் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய், நம் பெண்கள் சொல்வதை அப்படியே எடுத்துச் சொல்லக்கூடிய நாலைந்து சகோதரிகளின் பெயரைப் பதிவு செய்து வையுங்கள். பணம் செலவாகாத உதவி இது. என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்களிடமிருந்து அவர்களைக் காப்பாற்றிய புண்ணியமும் சேரும்.