சாதகத்துக்குத் துணை வேண்டும்

வீணையோ வயலினோ கற்கத் தொடங்கும் நம் பிள்ளைகளுள் பலர், சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் முடிந்து முதற்கீதத்தை எட்டுமுன்னரே சலிப்புற்று, 'சாதகம் பண்ணு' என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் நிலையை அடைகின்றனர். இதற்குப் பிள்ளையின் சோம்பலையோ ஞானக் குறைவையோ காரணமாகக் கூறும் பெற்றோர், அதட்டியோ பரிசு காட்டியோ அவர்களைப் பாயில் அமர்த்த முயல்கின்றனர். சாதகத்தை நாம் தனிமைக்குரிய காரியமாக ஆக்கிவிட்டதே இந்த வெறுப்புக்கு முதற்காரணம் என்பதும், அத்தனிமையை நீக்கினால் விருப்பம் பெரும்பாலும் தானே தலையெடுக்கும் என்பதும் என் உறுதியான எண்ணம்.

ஆரம்ப சாதகத்தின் கடுமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. புரந்தரதாசர் வகுத்ததாகப் பரம்பரையாகச் சொல்லப்படும் பாடமுறையில், மாயாமாளவகௌளை என்னும் ராகத்தில், மூன்று காலங்களிலும், வரிசைகளை மாதக்கணக்கில் வாசித்து, அலங்காரங்களையும் கடந்த பின்னரே சாகித்தியம் உடைய ஒரு கீதம் கைக்கு வருகிறது. வீணையின் 24 மெட்டுகள் விரலுக்கு வழி காட்டினாலும், அதன் தந்தி இளம் விரல் நுனியைக் கீறிப் புண்ணாக்குகிறது. வயலினிலோ மெட்டே இல்லாமையால், ஸ்வரஸ்தானத்தைச் செவி ஒன்றைக் கொண்டே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நல்ல செவி வாய்த்த குழந்தைக்கே தன் வில் எழுப்பும் அபஸ்வரம் மிகுந்த வேதனை தருகிறது. ஆதலால் சாதகத்துக்குச் சுணங்கும் பிள்ளையைச் சங்கீத ருசியற்ற பிள்ளை என்று முடிவு கட்டுவது பெரும் அநியாயமாகும்.

இதே கடுமையை முந்தைய தலைமுறைகளின் குழந்தைகள் எவ்வாறு தாங்கினர்? நாகஸ்வரக் குடும்பத்துச் சிறுவன், சீவாளியை வாயில் வைத்து ஊதப் பழகும் காலத்திலேயே, பெரியவர்களின் பின்னே நின்று தாளம் போட்டும் ஒத்து ஊதியும் கோயிற் சேவையில் பங்குகொண்டான். தான் உருப்போடும் வரிசைகள் தன்னை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை நாள்தோறும் காதாரக் கேட்டான். தந்தை கோபாலய்யரே குருவாக அமைந்த வயலின் வித்வான் லால்குடி ஜெயராமனின் இல்லத்தில், அவருடைய சகோதரிகளும் வாத்தியம் பயின்றனர். இத்தகைய வீடுகளில் கண்டிப்புக்குக் குறைவில்லை. ஆயினும் கண்டிப்போடு சகவாசமும் கேள்வி ஞானமும் கலந்திருந்தன. இன்றோ, வாரத்துக்கு ஓரிரு மணி நேர வகுப்பு முடிந்த பின், எஞ்சிய நாள்களெல்லாம் பிள்ளை கதவடைத்த அறையில் தனியே அமர்ந்து வாசிக்கிறது. கண்டிப்பு மட்டும் நிலைத்து, சகவாசம் மறைந்துவிட்டது.

ஜப்பானில் இக்குறையை உணர்ந்து ஒரு போதனை முறையையே வகுத்தவர் ஷினிச்சி சுசுகி. நகோயாவில் வயலின் தொழிற்சாலை நடத்தியவரின் மகனாக 1898-இல் பிறந்து, பெர்லினில் பயின்று, இரண்டாம் உலகப் போருக்குப் பின் மட்சுமோட்டோ நகரில் கற்பித்த அவர், எல்லாக் குழந்தைகளும் தாய்மொழியைத் தடையின்றிப் பேசக் கற்பதைக் கண்டு, இசையையும் அவ்வாறே கேட்டுக் கேட்டுக் கற்கலாம் என்று துணிந்தார். அவர் முறையில், முதலில் தாயே வயலின் பிடிக்கக் கற்று வீட்டில் வாசிப்பாள். அதைப் பார்த்திருக்கும் குழந்தை 'எனக்கும் வேண்டும்' என்று ஆசைப்பட்ட பிறகே அதன் கையில் வாத்தியம் தரப்படும். விருப்பம் முந்த, பயிற்சி பிந்த வேண்டும் என்ற அந்தக் கிரமம் நம்முடைய வாத்தியங்களுக்கும் முற்றிலும் பொருந்துவதே.

பரிசு காட்டும் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வம் கொண்டிருந்த மழலைப் பள்ளிக் குழந்தைகளுள், பரிசு உண்டு என்று முன்கூட்டியே வாக்களிக்கப்பெற்று வரைந்தவர்கள், பின்னர் தாமாக வரைவதில் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே செலவிட்டனர். கூலி பேசித் தொடங்கிய காரியம், கூலி நின்றதும் ருசியிழக்கிறது. சாதகத்துக்குப் பின் மிட்டாய் என்று உடன்படிக்கை செய்துகொள்ளும் தாய், சாதகம் கசப்பான ஒன்று என்று தன்னையறியாமலே குழந்தைக்குப் போதிக்கிறாள்.

அப்படியாயின் நிர்ப்பந்தமே கூடாதா என்று கேட்கலாம். நாள் தவறாமல் ஒரு நேரத்தை நியமிப்பது பெரியவர்களின் கடமை. அதில் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நேரம் சிறு குழந்தைக்குப் பத்து நிமிஷமாக இருந்தால் போதும். எந்த வரிசையை முதலில் வாசிப்பது என்பதைக் குழந்தையே தேர்ந்துகொள்ளட்டும். சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டு, தாயோ தந்தையோ அருகில் அமர்ந்து ஆதி தாளம் போட வேண்டும். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பின் இருமுறை தட்டி வீசுதல் என்னும் அவ்வளவையும் கற்க, சங்கீதப் பரிச்சயமே இல்லாதவருக்கும் அதிக நேரம் ஆகாது. பிழை திருத்துவதைக் குருவிடம் விட்டுவிட்டு, நேற்றைவிட இன்று சுத்தமாக விழுந்த பிடி எது என்பதைக் கவனித்துச் சொன்னால், தன் வாசிப்பை ஒருவர் மெய்யாகவே கேட்கிறார் என்ற நிச்சயம் பிள்ளைக்கு உண்டாகும். எத்தகைய பரிசும் அதற்கு ஈடாகாது. முடிவில், திரைப்படப் பாடலாயினும் சரி, தனக்குப் பிரியமான ஏதேனும் ஒரு மெட்டைத் தடவித் தடவி வாசித்துப் பார்க்க அதற்குச் சுதந்திரம் இருக்கட்டும்.

வேலை மிகுந்த பெற்றோருக்கு இதற்கெல்லாம் அவகாசம் ஏது என்பது நியாயமான கேள்வியே. எனினும், பிள்ளையிடம் நாம் கோருவது பல ஆண்டுச் சிரத்தை. நம்மிடம் இது கோருவதோ தினமும் சில நிமிஷங்கள். அதைக்கூடத் தர மனமில்லாத நாம், பிள்ளைக்கு மனமில்லை என்று குறை கூறுவது தர்மமாகாது.