பாடப்படாத 143 பாட்டுகள்

நல்ல பாட்டு தானே பரவும் என்பர். அது முற்றும் உண்மையன்று. பாட்டுக்கு உள்ளீடு வேண்டும். அதனோடு அதைப் பாடுதற்கு ஒரு நாளும், ஓர் இடமும், ஓர் இசையும், எடுத்துச் செல்லும் வாயும் வேண்டும். இவை வாய்த்த பாட்டு நாடெங்கும் ஒலிக்கும். வாயாத பாட்டு எத்துணை உயர்ந்ததாயினும் ஏட்டிலேயே உறங்கும். இவ்வுண்மைக்குத் திருவில்லிபுத்தூரில் பிறந்த தமிழே போதிய சான்றாகும்.

கோதை என்னும் ஆண்டாள் பாடியன மொத்தம் 173 பாட்டுகள். அவற்றுள் 30 திருப்பாவை; எஞ்சிய 143 நாச்சியார் திருமொழி. முப்பதைத் தமிழ்நாடே அறியும். நூற்று நாற்பத்து மூன்றை அறிந்தவர் எத்துணைப் பேர்? ஒரே நெஞ்சில் பிறந்த ஒரே தமிழில், நூற்றுக்கு எண்பத்து மூன்று பங்கு மக்கள் செவிக்கு எட்டாமல் நிற்கின்றது. இவ்வூர்க் கோபுரத்தை அறிந்தோர் பலர். இவ்வூர்ப் பாட்டைப் பெரும்பாலும் அறியாதார் அவருள்ளும் பலர்!

திருப்பாவை எவ்வாறு வென்றது? அதற்கென ஒரு திங்கள் இருந்தது. மார்கழியின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாட்டென முப்பது நாளுக்கும் வகுத்துப் பாடினர். கடந்த நூற்றாண்டில் அரியக்குடி இராமாநுச ஐயங்கார் முப்பதுக்கும் இசையமைத்தார், எம். எல். வசந்தகுமாரி பாடிய இசைத்தட்டு வீடுதோறும் புகுந்தது. வானொலி அதை விடியலில் ஒலித்தது. பள்ளிகள் ஒப்பித்தல் போட்டி வைத்துப் பரிசளித்தன. திருமலையில் ஆண்டு முழுதும் ஒலிக்கும் வடமொழிப் பள்ளியெழுச்சியும் மார்கழியில் திருப்பாவைக்கு இடம் விட்டு விலகுகின்றது. கடல் கடந்த தாய்லாந்தின் அரண்மனைச் சடங்கொன்றிலும் பாவைப் பாட்டின் பெயர் திரிந்து வழங்குகின்றது. இப்பெருமையை யாம் குறைத்துரைக்கவில்லை. ஒரு தமிழ்ப் பாட்டு எவ்வாறு பரவும் என்பதற்கு அது நமக்கு வழிகாட்டி என்றே காட்டுகின்றோம்.

இனி, பரவாமல் நின்றவற்றைப் பாருங்கள். நாச்சியார் திருமொழி பதினான்கு பதிகங்களால் ஆயது. தை, மாசித் திங்கள்களில் காமனை நோற்கும் பெண்ணொருத்தி முதற்பதிகத்தில் பேசுகின்றாள். இரண்டாவது, மணலில் கட்டிய சிறுவீட்டை அழிக்காதே என்று வேண்டும் சிறுமியர் பாட்டு. நான்காவது, கண்ணை மூடித் தரையில் வட்டமிட்டு, முனைகள் கூடினால் தலைவன் வருவான் எனக் குறிபார்க்கும் கூடற்பாட்டு. நம் பெண்டிர் விளையாட்டையும் நம்பிக்கையையும் இத்துணைத் தெளிவாகப் பதிந்து வைத்த நூல்கள் மிகச் சிலவே.

ஐந்தாவது குயிற்பாட்டு. அவன் வரும்படி கூவு என்று குயிலைக் கெஞ்சுகின்றாள். தன் கிளியை உனக்குத் தோழியாக்குவேன் என்று ஆசை காட்டுகின்றாள். கூவாவிடில் விடேன் என்று அச்சுறுத்தவும் செய்கின்றாள். ஏழாவதில் வெண்சங்கை விளித்து, அவன் வாயின் மணமும் சுவையும் எத்தகையன என்று கேட்கின்றாள். எட்டாவது முகில்விடு தூது. ஒன்பதாவது மாலிருஞ்சோலைப் பாட்டு. மழை பெய்தவுடன் செம்மண்ணில் ஊர்ந்து வரும் தம்பலப்பூச்சிகள் மலைச்சோலையெங்கும் செந்தூரம் தூவினாற்போல் பரந்த காட்சியை அதிற் காணலாம். கரிசலிலும் செவலிலும் அப்பூச்சியைப் பிடித்து விளையாடிய நம் சிறுவர்க்கு, அது தம் ஊர்ப்பாட்டு என்று சொல்லிக் கொடுத்தவர் யார்?

ஆறாவது பதிகம் ஒன்றே சிறிது தப்பிற்று. அதுதான் ‘வாரணமாயிரம்’. மணநாள் குறித்தல், பந்தல் நாட்டல், கைத்தலம் பற்றல், தீவலம் வருதல், அம்மி மிதித்தல், பொரியிடல் என மணவினை முழுவதையும் கனவாகத் தோழிக்கு உரைப்பது அது. அதில் தாலி பற்றிய பேச்சில்லாமையை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். அது மட்டும் தப்பியது ஏன்? மணவீடுகளில் அதைப் பாடும் வழக்கம் இருந்தமையால்! ஆயினும் 2008-இல் வந்த திரைப்படத்தின் பெயராக மட்டுமே அதை அறிந்த இளைஞர் இன்று எண்ணற்றோர்.

ஏனையவற்றை ஒதுக்கியமைக்குக் காரணங்கள் சில உள. ஒரு பெண் தன் காதலைத் தன் வாயாலேயே, மறைப்பின்றி, உடலும் உயிரும் வேக உரைப்பது பலர்க்குக் கூச்சம் தந்தது. ஆண்மக்கள் பெண்ணாய் மாறிப் பாடியதைப் போற்றியவர்கள், பெண்ணே பெண்ணாய்ப் பாடியதை மெல்ல ஒதுக்கினர். மற்றொன்று, இசைமேடையில் தமிழுக்கு இருந்த நிலை. முத்துத்தாண்டவரும், அருணாசலக் கவிராயரும், மாரிமுத்தாப் பிள்ளையும் பாடிய நாட்டில், தமிழ்ப் பாட்டைக் கச்சேரியின் கடைசியில் துக்கடாவாகத் தள்ளினர். அதை மாற்றவே 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூட வேண்டியிருந்தது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழ வேண்டியிருந்தது.

‘இவை கோயிலில் ஓதப்படுகின்றனவே, பெரியவாச்சான் பிள்ளை உரையும் உள்ளதே’ என்பார் உளர். உண்மைதான். ஓதுவது வேறு, பாடுவது வேறு. உரை புலவர்க்கு, பாட்டு மக்களுக்கு. அரிதாக ஒருசில பாடகரும் ஆடலரும் இவற்றை எடுத்தாள்வதைப் பாராட்டுகின்றோம், அது போதாது. ‘இவை சமயப் பாட்டாயிற்றே’ என்று விலகுவாருக்கும் ஒன்று சொல்வோம்: பற்றுடையார் பற்றினால் பாடுக, இல்லார் தமிழுக்காகப் பாடுக.

செய்ய வேண்டுவது யாது? மார்கழி முப்பதைக் காத்தது. எஞ்சிய பதினொரு திங்களும் வெறுமையாய்க் கிடக்கின்றன. அவற்றைப் பங்கிட்டுக் கொள்வோம். தையிலும் மாசியிலும் நோன்புப் பாட்டு, இளவேனிலில் குயிற்பாட்டு, ஆடிப்பூரத்தில் திருவில்லிபுத்தூர்த் தேரோடும் நாளில் கனவுப்பாட்டு, ஐப்பசி மழையில் முகிற்பாட்டு. இராசபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்து ஆற்றங்கரையில் நீர்காத்த அய்யனார் கோவில் இருக்கின்றது. மலைமேல் முகில் கவிந்தால்தான் அவ்வாற்றில் நீர். ஆற்றில் நீர் வந்தால்தான் ஊரார்க்கு மகிழ்ச்சி. முகிலை நோக்கி விளிக்கும் அந்தப் பத்துப் பாட்டையும் பாட அவ்விடத்தினும் பொருந்திய அரங்கு வேறெங்கே? பாட்டுக்கு மேடை கட்ட வேண்டுவதில்லை. மலை இருக்கின்றது, முகில் இருக்கின்றது, வாய் திறக்க வேண்டுவதே குறை!

இசைவல்லீர்! திருப்பாவை முழுதும் ஒரே யாப்பு. திருமொழியிலோ பதிகந்தோறும் நடை மாறும். உங்கள் பண்ணறிவுக்கு அது பெருவிருந்து. ஆசிரியப் பெருமக்களே! ஆண்டுக்கு ஒரு பதிகம் கற்பித்தாலும் பதினான்கு ஆண்டில் முழுநூலும் ஒரு தலைமுறையின் நாவில் நின்றுவிடும். தாய்மாரே! தாலாட்டோடு குயிற்பாட்டையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

பிறர் பாட்டைக் கடன் வாங்கிப் பாடும் முன், வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்த பாட்டை எடுத்துப் பாடுவோம். பாடாத பாட்டுக்கு நாம் கடன்பட்டிருக்கின்றோம். இவ்வாண்டே அக்கடனைத் தீர்க்கத் தொடங்குவோம்!