புதிய பாரவூர்திச் சாரதிகள்: முதல் விபத்தோடு முடிந்துவிட வேண்டுமா ஒரு தொழில்?

வட அமெரிக்காவில் பாரவூர்தி ஓட்டுவதற்கு ஆட்கள் போதவில்லை என்ற முறைப்பாடு பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றது. முதலாளிமார் சங்கங்கள் அதனை மேடைதோறும் சொல்லுகின்றன. ஆனால், அதே தொழிற்றுறையில், அனுமதிப்பத்திரம் எடுத்த முதலாவது ஆண்டிலேயே சிறு விபத்தொன்றில் மாட்டிக்கொண்ட இளம் சாரதி கதவு கதவாகத் தட்டியும் வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கின்றான். ஆளில்லை என்பதும் உண்மை போலத் தெரிகின்றது; வந்த ஆளைத் திருப்பி அனுப்புவதும் உண்மையாக இருக்கின்றது. இந்த முரண்பாடு எங்கிருந்து வருகின்றது என்பதைச் சற்று ஆராய்வது நல்லது. ஸ்காபரோவிலும் பிரம்ரனிலும் இத்தொழிலை நம்பியிருக்கும் எமது பிள்ளைகளும் இருக்கின்றார்கள். அவர்களுடைய சம்பளத்தில் யாழ்ப்பாணத்தில் அடுப்பெரியும் வீடுகளும் இருக்கின்றன.

எல்லாம் ஒரு சொற்றொடரில் தொடங்குகின்றது: 'தவிர்த்திருக்கக்கூடிய விபத்து'. சாரதியோ நிறுவனமோ ஒன்றைச் செய்திருந்தால், அல்லது செய்யாமல் விட்டிருந்தால் நேர்ந்திராத விபத்து என்பதே அமெரிக்க சமஷ்டி விதிகள் அதற்குக் கொடுக்கும் பொருளின் சாரம். இது நீதிமன்றம் தீர்மானிக்கும் குற்றம் அன்று. பொலிஸார் தண்டப்பத்திரம் எழுதாத விபத்தையும், மற்றைய வாகனக்காரர் மீது பெரும்பிழை உள்ள விபத்தையும்கூட, நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி 'தவிர்த்திருக்கலாம்' என்று பதிந்துவிட முடியும். அளவுகோல் அவ்வளவு கடுமையானது. கடுமையாக இருப்பதில் தவறும் இல்லை. முழுப் பாரத்துடன் ஏறத்தாழ 36 தொன் எடையுள்ள வண்டி அது. அமெரிக்கப் பெருந்தெருவில் மணிக்கு 65 மைல் வேகத்தில் செல்லும்போது முற்றாக நிற்க அதற்கு ஏறத்தாழ 160 மீற்றர் தேவை. இத்தகைய வண்டியின் சாரதியிடம் சாதாரண மனிதனிடம் எதிர்பார்ப்பதைவிட அதிகம் எதிர்பார்ப்பது நியாயமே. சிக்கல் அளவுகோலில் இல்லை. அளந்த பின்னர் செய்வதில்தான் இருக்கின்றது.

எனது தமக்கையின் மகன் ஒருவன் ஒன்ராறியோவில் கடன்பட்டுப் பயிற்சிக் கட்டணம் செலுத்தி, அனுமதிப்பத்திரம் எடுத்து, எல்லை கடந்து ஓடும் நிறுவனமொன்றில் சேர்ந்தான். இரண்டாவது மாதத்தில் ஓர் இரவு, அமெரிக்காவில் பாரவூர்திகள் தரிக்கும் இடமொன்றில் பின்னோக்கிச் செலுத்தும்போது, பக்கத்தில் நின்ற வண்டியின் கண்ணாடியை உடைத்துவிட்டான். யாருக்கும் கீறல்கூட இல்லை. அவனே நிறுவனத்துக்கு அறிவித்தான். மூன்றாம் நாள் வேலை போய்விட்டது. "மாமா, நான் மறைச்சிருந்தா இண்டைக்கும் வேலையில இருந்திருப்பன். சொன்னதுதான் பிழையாப் போச்சு" என்று தொலைபேசியில் சொன்னான். "அப்பிடி நினையாதை அப்பன்" என்று நான் சொன்னேன். ஆனால் அவனது வாதத்துக்கு அந்தத் தொழிற்றுறை வைத்திருக்கும் பதில் என்ன என்ற கேள்வி என்னை விடவில்லை. உண்மை சொன்னவனுக்கு வேலைநீக்கம், மறைத்தவனுக்குச் சம்பளம் என்றால், அந்த ஏற்பாடு எதனைக் கற்பிக்கின்றது?

இவ்வாறு ஒரு முறை பதியப்பட்ட விபத்து சாரதியின் பின்னாலேயே வரும். அமெரிக்க விதிகளின்படி வேலைக்கு விண்ணப்பிப்பவர் தமது கடந்த 3 ஆண்டு விபத்துகளை விண்ணப்பத்தில் எழுத வேண்டும். புதிய முதலாளி பழைய முதலாளிமாரிடம் அதே 3 ஆண்டுகளுக்கு விசாரிக்கவும் வேண்டும். உயிரிழப்போ, சம்பவ இடத்துக்கு வெளியே சிகிச்சை பெறவேண்டிய காயமோ, வாகனத்தை இழுத்துச் செல்லவேண்டிய சேதமோ ஏற்பட்டால் அது அரசாங்கப் பதிவிலும் ஏறும். அந்நாட்டில் வேலைக்கு முன் சாரதியைச் சரிபார்க்கும் அரசாங்க ஏற்பாட்டில் 5 ஆண்டு விபத்துகளும் 3 ஆண்டு பரிசோதனைகளும் தெரியும். உடைந்த கண்ணாடி அத்தகைய பதிவில் ஏறாது. ஆயினும் விண்ணப்பப் படிவத்தில் ஏறும்; பழைய முதலாளியின் வாயிலும் ஏறும்.

இங்கேதான் காப்புறுதி நிறுவனங்கள் வருகின்றன. வேலை கொடுப்பது முதலாளி போலத் தோன்றினாலும், யாருக்கு வேலை கொடுக்கலாம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது காப்புறுதிக்காரரே. இரண்டு, மூன்று ஆண்டு அனுபவம் இல்லாதவரை அவர்கள் ஏற்கனவே தயக்கத்துடனேயே பார்க்கின்றார்கள். அனுபவமின்மையோடு விபத்தும் சேர்ந்துவிட்டால், கட்டணத்தை உயர்த்துவார்கள் அல்லது அந்தப் பெயரையே நீக்கச் சொல்வார்கள். முதலாளி கையை விரிப்பார். "ஒரு வருஷம் விபத்தில்லாமல் ஓடிவிட்டு வாரும்" என்பது அவர் சொல்லும் வழமையான விடை. ஓடுவதற்கு வண்டி எங்கே என்று கேட்டால் அதற்கு மறுமொழி இல்லை.

ஆனால் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். நல்ல நிறுவனங்கள் கதவை மூடும்போது, திறந்திருப்பது எந்தக் கதவு? சம்பளச் சிட்டை கொடுக்காத, தொழிலாளியை 'சுயதொழில் கம்பனி' என்று பதிவுசெய்யச் சொல்லிச் சட்டபூர்வமான கொடுப்பனவுகளிலிருந்து நழுவுகின்ற, ஓய்வு நேரத்தைப் பற்றிக் கேள்வி கேட்காத இடங்களே. கனடாவில் 'டிரைவர் இன்க்' என்ற பெயரில் பல ஆண்டுகளாகச் சர்ச்சைக்குள்ளாகியிருக்கும் முறை இதுதான். அதிக கண்காணிப்பும் பயிற்சியும் வேண்டிய சாரதி, அவை இரண்டும் மிகக் குறைந்த இடத்துக்குப் போய்ச் சேருகின்றான். பாதுகாப்பின் பெயரால் நல்ல நிறுவனம் அவனை விலக்கியது. விளைவாக வீதி பாதுகாப்புக் குறைந்ததாகின்றது.

இவ்வாறு எழுதும்போது, உயிர்களின் பெறுமதியை நான் மறந்துவிட்டதாக எவரும் எண்ண வேண்டாம். 2018 ஏப்ரல் 6ஆம் திகதி கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில், ஹம்போல்ட் ஐஸ் ஹொக்கி அணியினர் சென்ற பஸ்ஸும் ஒரு பாரவூர்தியும் மோதியதில் 16 பேர் இறந்தார்கள். 13 பேர் காயமடைந்தார்கள். பாரவூர்தியின் சாரதி வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆனவர். நிறுத்தற் சைகையைக் கவனியாமல் சந்தியைக் கடந்தார். அதனை யாரும் சிறு தவறு என்று சொல்ல முடியாது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2019 மார்ச்சில் அவருக்கு 8 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் நாடுகடத்தும் உத்தரவும் பிறந்தது. அவரை வேலைக்கு அமர்த்திய நிறுவனத்தின் உரிமையாளருக்குப் பாதுகாப்பு விதிகளை மீறியமைக்காகக் கிடைத்தது 5,000 டொலர் தண்டம்.

அந்த இரண்டு தண்டனைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். சாரதியின் தண்டனை கூடியது என்பது எனது வாதமன்று. 16 குடும்பங்களின் முன்னால் அப்படிச் சொல்லும் துணிவு எவருக்கும் வராது. அனுபவமற்ற ஒருவரிடம் அந்த வண்டியைக் கொடுத்தவர்கள், அதற்கு அனுமதித்த விதிகள் ஆகியவற்றின் பொறுப்பு எங்கே என்பதே கேள்வி. அந்த விபத்து நிகழ்ந்தபோது சஸ்கச்சுவானிலோ அயல் மாகாணமான அல்பேர்ட்டாவிலோ புதிய சாரதிகளுக்கான கட்டாயப் பயிற்சி நடைமுறையில் இருக்கவில்லை. 2019 மார்ச்சிலேயே அது வந்தது. ஒன்ராறியோ 2017 ஜூலையில் முன்னோடியாக, குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தது. ஐக்கிய அமெரிக்கா 2022 பெப்ரவரி 7 முதல் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஆனால் எத்தனை மணித்தியாலம் என்ற கீழெல்லையை வகுக்கவில்லை.

103.5 மணித்தியாலம் என்பது ஒருவர் முழுநேரமாகப் படித்தால் மூன்று வாரங்களுக்குள் முடிந்துவிடும். எமது நாட்டில் பழைய முறை வேறு. லொறியில் 'கிளீனராக' ஏறுகின்றவன் ஆண்டுக்கணக்கில் சாரதியின் பக்கத்தில் இருந்து வீதியைப் படித்த பின்னரே சில்லைப் பிடிப்பான். வண்டி பின்னால் வரும்போது இறங்கி நின்று "வரலாம், வரலாம், ஹோல்டிங்!" என்று குரல் கொடுக்க ஒருவன் எப்போதும் இருப்பான். அம்முறையிலும் சுரண்டல் இருந்தது; அதனைப் போற்றிப் பாட நான் வரவில்லை. ஆனால் தொழிலைக் கற்பதற்குக் காலமும் துணையும் வேண்டும் என்ற அறிவு அதில் இருந்தது. வட அமெரிக்காவிலோ நள்ளிரவில், மழையில், அறியாத ஊரில், 53 அடிப் பெட்டியைத் தனி ஆளாகப் பின்னோக்கிச் செலுத்தவேண்டும். 'இறங்கிப் பார்' என்பதுதான் அங்கே பயிற்றுநர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம். நல்ல பாடந்தான். ஆனால் அது பழக்கமாவதற்கு மூன்று வாரங்கள் போதா.

ஆகவே நிறுவனங்களும் காப்புறுதிக்காரரும் எல்லா விபத்தையும் ஒரே தராசில் போடுவதை நிறுத்த வேண்டும். விபத்து எத்தகையது, ஒருமுறை நேர்ந்ததா திரும்பத் திரும்ப நேர்கின்றதா, சாரதி அதனை அறிவித்தாரா மறைத்தாரா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே முடிவெடுக்க வேண்டும். தரிப்பிடத்தில் உடைந்த கண்ணாடியும், பெருந்தெருவில் கவிழ்ந்த வண்டியும் ஒன்றல்ல. கைத்தொலைபேசியைப் பார்த்ததால் நேர்ந்ததும், இடத்தின் அகலத்தைத் தவறாக மதிப்பிட்டதால் நேர்ந்ததும் ஒன்றல்ல. பிந்தியதற்கு மருந்து மேலதிகப் பயிற்சி. ஓர் அனுபவசாலியுடன் இரண்டு வாரம் ஓடவிடுவதற்கு ஆகும் செலவு, புதிய ஒருவரைத் தேடிப் பிடித்துப் பழக்குவதற்கு ஆகும் செலவைவிடக் கூடியதாக இருக்க முடியாது.

இளைஞர்களுக்கும் சில சொல்ல வேண்டும். விபத்தை மறைக்க வேண்டாம். இன்று பெரும்பாலான வண்டிகளில் கமெராவும் கணினியும் உண்டு. மறைத்தது வெளிப்பட்டால் இரண்டாவது வாய்ப்புக்கு இடமே இல்லாமற் போகும். உங்களைப் பற்றிய பதிவுகளை நீங்களே கேட்டுப் பெற்று வாசியுங்கள். பழைய முதலாளி தந்த தகவலைப் பார்வையிடவும், பிழையைத் திருத்தக் கோரவும், திருத்த மறுத்தால் உங்கள் மறுப்பை எழுத்தில் இணைக்கவும் அமெரிக்க விதிகள் உரிமை தருகின்றன. நெடுந்தூர ஓட்டம் கிடைக்காவிட்டால், களஞ்சிய வளவுக்குள் பெட்டிகளை இழுத்து அடுக்கும் வேலை கிடைக்குமா என்று பாருங்கள். எனது மருமகன் இப்போது அதைத்தான் செய்கின்றான். சம்பளம் குறைவு. ஆனால் ஒரு நாளைக்குப் பல முறை பின்னோக்கிச் செலுத்துகின்றான். அவனுக்குக் குறைவாக இருந்தது அந்தப் பயிற்சியே. சட்டத்துக்குப் புறம்பாக ஓடச்சொல்லும் முதலாளியிடம் மட்டும் போகாதீர்கள். அங்கே நேரும் இரண்டாவது விபத்துக்கு நீங்கள் தனியாகவே பதில் சொல்ல வேண்டிவரும்.

தவிர்த்திருக்கக்கூடியது என்று ஒரு விபத்தைத் தீர்மானிக்கும் அதிகாரி, அதனைச் சாரதியின் பெயருக்கு நேரே மட்டும் எழுதி முடிக்கின்றார். விதியின் வாசகத்தில் சாரதியோடு நிறுவனமும் இருக்கின்றது. அந்த இரண்டாவது பெயருக்கு நேரேயும் எழுதத் தொடங்கும் நாளில், ஆளில்லை என்ற முறைப்பாடும் குறையும், வீதியில் சிந்தும் இரத்தமும் குறையும்.