லோகோ போட்டால் வேகமாகிவிடுமா?

பைன்போனில் திரை வரச் சுணங்கினால் உடனே “பழைய சிப், 2 ஜிபி ராம், வேற என்ன வரும்?” எண்டு சொல்லுறாங்கள். நாங்கள் இதை ஏற்கமாட்டம். 2020 இல் வந்த இந்த லினக்ஸ் போனின் ஆல்வின்னர் ஏ64 சிப் மெதுவானதுதான். ஆனால் சும்மா காத்து நிற்கிற நேரத்துக்கு சிப் பொறுப்பில்லை. சிஸ்டம்டி ஓடுகிற போனின் டேர்மினலில் ‘சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிக்கல்-செயின்’ எண்டு அடிச்சுப் பாருங்கோ: எது எதுக்காகக் காத்து நிண்டது எண்டு வரிசையாகக் காட்டும். பூட்டுத்திரை வர இணைய இணைப்பு எதுக்கு? அந்தக் காத்திருப்பை வெட்டுங்கோ. வடிவான லோகோ ஒன்றைப் போட்டு மறைக்கிறது வேகமில்லை, பூச்சு. பெரும்பாலான போன்கள் இந்தக் கணக்கைப் பாவனையாளருக்குக் காட்டுவதே இல்லை. காட்டுகிற போனை வைத்துக்கொண்டும் பாராமல் விட்டால், திறந்த மென்பொருள் எண்டு பெருமை பேசி என்ன பிரயோசனம்?