சிப்பந்திப் பதிவேடும் கணினியும்

கணினி வந்தால் காலமும் பணமும் மிச்சமாகும் என்று நம்பி அதனை வாங்கிய சங்கங்கள் பல. வாங்கிச் சில ஆண்டுகள் கழிந்த பின்னும் சிப்பந்திகள் நிர்வாகத்தில் ஒரு நாழிகையேனும் மிச்சமாகக் காணோமே என்று பஞ்சாயத்தார் குறைப்படுவதை ஆய்வுக்குச் செல்லும் இடந்தோறும் கேட்கிறோம். குறை நியாயமானதே. ஆயினும் பழி இயந்திரத்தைச் சாராது. கணினியில் முடித்த வேலையையே கையாலும் மறுபடி செய்து வருகிறோம். இந்த இரட்டை வேலையை நிறுத்தத் துணிந்தாலன்றி ஆதாயம் காணல் அரிது என்பதே நம் அபிப்பிராயம்.

சம்பளக் கணக்கிற்குக் கணினியை ஏவுவது புதிய யோசனையன்று. லண்டன் மாநகரில் தேநீர்க் கடைகளும் ரொட்டிச் சாலைகளும் நடத்தி வந்த ஜே. லயன்ஸ் கம்பெனியார், 'லியோ' என்னும் கணினியைத் தாமே அமைத்து, 1951 இல் ரொட்டிச் சாலைக் கணக்கையும் 1954 இல் தம் சிப்பந்திகளின் வாரச் சம்பளத்தையும் அதனிடம் ஒப்படைத்தனர். தேர்ந்த குமாஸ்தா எட்டு நிமிஷத்தில் போடும் ஒருவர் கணக்கை அது ஒன்றரை விநாடியில் போட்டதாகக் கூறுவர். வேகத்தைக் காட்டிலும் நாம் கவனிக்கத்தக்கது வேறொன்று. கைக்கணக்கையும் இயந்திரக் கணக்கையும் சில வாரங்கள் இணையாக நடத்தி, இரண்டும் ஒத்து வந்தபின் கைக்கணக்கை நிறுத்திவிட்டனர். தேநீர் வியாபாரிகளுக்கு இருந்த இந்தத் துணிவு நமக்கும் வேண்டாமா?

நம் சங்கங்களில் நடப்பது என்ன? சிப்பந்தி காலையில் விரல் ரேகை வைக்கிறார். பின்பு வருகைப் பதிவேட்டிலும் கையொப்பமிடுகிறார். சம்பளப் பட்டியல் கணினியில் தயாராகி அச்சாகிறது. அச்சானதைப் பார்த்துக் குமாஸ்தா பேரேட்டில் வரி வரியாக எழுதுகிறார். எழுதும்போது ஓர் எண் பிறழ்ந்தால் எது சரியென்று தேடுவதில் ஒரு பிற்பகல் போய்விடுகிறது. தணிக்கைக்கு எதைக் கேட்பார்களோ என்னும் அச்சமே இதற்கு மூலம். அச்சிட்ட பட்டியலில் தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்டு, வருஷம் முடிந்ததும் கட்டடம் செய்து வைத்தால் அதுவே பதிவேடாகக் கொள்ளப்படுமா என்று துறைக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் சேர்த்துவிட்டால் அச்சம் தீரும். இதற்கு ஆகும் செலவு ஒரு தபால் தலை.

மாதாந்தரச் சம்பளத்தில் கிடைக்கும் மிச்சம் சிறிதுதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு பேருக்குச் சம்பளம் போடக் கணினி எதற்கு என்று கேட்பவரை நாம் மறுக்கமாட்டோம். பெரிய மிச்சம் நிலுவைக் கணக்கில் இருக்கிறது. அகவிலைப்படி முன்தேதியிட்டு உயரும்போது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதத்திற்கும் வித்தியாசம் கண்டு, விடுப்பு நாட்களைக் கழித்து, வருங்கால வைப்பு நிதிக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு பிடித்து முடிக்க நாட்கள் பல ஆகும். விவரங்கள் ஒழுங்காக ஏறியிருந்தால் கணினிக்கு அது சொற்ப நேர வேலை.

அந்த 'ஒழுங்காக' என்பதில்தான் சிக்கலெல்லாம் இருக்கிறது. 2022 இல் மத்திய அரசு 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாயில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அது முதல் கடன், வைப்பு, உர இருப்பு ஆகியவை பற்றியே பேச்சு. சிப்பந்திகளின் பணிப் பதிவேடுகளோ பல சங்கங்களில் இன்னும் பீரோவின் அடித்தட்டில் செல்லரித்துக் கிடக்கின்றன.

இதனால் விளையும் நஷ்டத்தை ஓர் உதாரணத்தால் காட்டுவோம். பணிக்கொடை, மாதத்தை 26 நாளாகக் கொண்டு, முடித்த ஆண்டு ஒன்றுக்கு 15 நாள் சம்பளம் வீதம் கணக்கிடப்படுகிறது. 13,000 ரூபாய் சம்பளத்தில் ஓய்வு பெறும் விற்பனையாளருக்கு ஆண்டொன்றுக்கு 7,500 ரூபாய். 28 ஆண்டுகளுக்கு 2,10,000 ரூபாய். தொடக்க காலத்து ஆறு ஆண்டுகளுக்குப் பதிவு கிடைக்கவில்லையெனில் 45,000 ரூபாய் வழக்காடிப் பெறவேண்டிய தொகையாகிவிடுகிறது. கணினி இதை மீட்டுத் தராது. பதிவேட்டில் இல்லாத ஆண்டு கணினியிலும் இராது. அதுவும் அச்செழுத்தில் இல்லாமலிருப்பதால் கேட்பாரின்றிப் போகும். ஆகையால் விவரங்களை ஏற்றுமுன் ஒவ்வொரு சிப்பந்தியையும் அழைத்து, அவர் பதிவேட்டைப் பக்கம் பக்கமாக அவரிடமே காட்டி ஒப்பம் பெறவேண்டும். கையில் நூலுடனும் உரத்துடனும் நிற்பவருக்கு இது தொல்லையாகத் தோன்றும். தொல்லைதான், ஆனால் ஒருமுறைதான்.

பெயர் விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பதிவேட்டில் முதலெழுத்து பெயருக்கு முன்னே நிற்கிறது. ஆதாரில் பின்னே நிற்கிறது. வைப்பு நிதிக் கணக்கில் தகப்பனார் பெயரே விரிந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே மனிதர் மூன்று மனிதராகிறார். மகள் கல்யாணத்திற்கு முன்பணம் கேட்டு விண்ணப்பித்தால் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வருகிறது. பிறந்த தேதிக்கும் இதே கதி. சிப்பந்தி பணியில் இருக்கும்போதே இவற்றைத் திருத்துவது எளிது. ஓய்வு பெற்றபின் அவரே அலையவேண்டும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்தாறு சிப்பந்திகள் உள்ள சங்கம் தனக்கென்று ஒரு மென்பொருள் வாங்கி ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்துவது வீண். அண்டைச் சங்கங்கள் சில ஒன்றுகூடி ஒரே மென்பொருளையும் பயிற்சி பெற்ற ஒருவரையும் வைத்துக்கொள்ளலாம். கூட்டுறவு என்று பெயர் வைத்துக்கொண்டு இதில் மட்டும் தனித்தனியே நிற்பானேன்? கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருப்பதும் ஆபத்து. அவர் நீண்ட விடுப்பில் சென்றால் எல்லாருடைய சம்பளமும் விடுப்பில் சென்றுவிடும்.

குமாஸ்தாவின் பிழைப்புக்கு இது உலை வைக்குமோ என்னும் கவலை சிப்பந்திகளிடம் உண்டு. தறி வீடுகளுக்குச் சென்று பாவு இருப்பைச் சரிபார்க்க ஆளில்லை, அங்கத்தினரின் கூலிச் சந்தேகத்தைக் கேட்க நேரமில்லை என்று மகாசபைதோறும் புகார் எழுகிறதே. பேரேடு எழுதும் நேரம் அங்கே செல்லட்டும். ஆட்குறைப்பு இல்லை என்று பஞ்சாயத்தார் தீர்மானத்திலேயே எழுதிவிடுவது நலம். எழுதாவிடில் கணினியில் ஏற்றும் வேலையே மெத்தனப்படும்.

அதே தீர்மானத்தில் கைக்கணக்கை நிறுத்தும் தேதியையும் குறிக்கலாம். மூன்று மாதம் இரண்டும் ஒத்து வரட்டும். நான்காம் மாதம் முதல் பேரேட்டில் எழுதுவதில்லை எனத் தேதியிட்டுக் கையொப்பமிடட்டும். அடுத்த ஆய்வில் நாம் முதலில் பார்க்க விரும்புவது அந்தத் தீர்மானத்தைத்தான்.