சொந்த சாட் சர்வருக்கு சார்ஜ் லிஸ்ட் எங்கே?

எங்கள் அம்பத்தூர் நலச்சங்கத்தில் இப்போது ஒரு விவாதம் ஓடுகிறது. வாட்ஸ்அப் குழுவை விட்டுவிட்டு, சங்கத்துக்கென்றே சொந்தமாக ஒரு சாட் சர்வர் வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் அது. கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் இளைஞர்கள் இருவர், "ஒரே கமாண்ட், ஒரு மணி நேரம், முடிஞ்சுது சார்" என்கிறார்கள். என் வயதுக்காரர்களோ, "ஓடுற வண்டியை எதுக்கு நிறுத்தணும்?" என்கிறார்கள். இரண்டு பக்கமும் கேட்டேன். வைக்கலாம் என்பதே என் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சங்கத்தின் ஆவணங்கள் இன்று எங்கே இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். மழைநீர் வடிகால் மனு, ரோடு வெட்டிய அன்று எடுத்த படம், சந்தா கணக்கு, பொதுக்குழுத் தீர்மானம் எல்லாமே குழுவில் போட்ட செய்திகள்தான். அவை ஆளுக்கொரு போனில் சிதறிக் கிடக்கின்றன. போன் தொலைந்தால், காப்பி எடுத்து வைக்காதவருக்கு அத்தோடு சரி. ஓர் அலுவலகத்தின் கோப்புகளை எழுத்தர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக வீட்டுக்கு எடுத்துப் போய் வைத்திருந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது.

"நம்ம ஊர் அரட்டைக்கு மாறிடலாமே?" என்று ஒருவர் கேட்டார். ஜோஹோவின் அந்தச் செயலி 2021-ல் வந்தது. 2025-ல் பலர் போனில் ஏறியது. மாறலாம், தவறில்லை. ஆனால் அங்கும் சர்வர் ஒரு நிறுவனத்தினுடையது. இளைஞர்கள் சொல்லும் மேட்ரிக்ஸ் வேறு வகை. அது ஒரு கம்பெனியின் செயலி அல்ல. 2014-ல் வெளிவந்த ஒரு பொது விதிமுறை. ஜிமெயில் வைத்திருப்பவர் யாஹூ வைத்திருப்பவருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார் அல்லவா? அதுபோல இந்த விதிப்படி யார் வேண்டுமானாலும் சர்வர் வைக்கலாம். சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். சர்வரில் ஓடும் மென்பொருளுக்கு சினாப்ஸ் என்று பெயர். போனில் எலிமென்ட் முதலிய பல செயலிகள் உண்டு. இந்த எலிமென்ட், 2023 மே மாதம் மத்திய அரசு தடை செய்த 14 செயலிகளின் பட்டியலில் இடம் பெற்றது என்பதையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். ஒரு செயலி போனாலும் வேறு செயலி வழியே அதே சர்வருக்குள் போகலாம் என்பதுதான் பொது விதிமுறையின் பலன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழிப் பத்திரிகைகளை இன்றும் புரட்டுவதால் ஒரு செய்தி தெரியும். பிரெஞ்சு அரசு தன் ஊழியர்களுக்காக இதே மேட்ரிக்ஸ் முறையில் ட்சாப் என்ற செயலியை 2019 ஏப்ரலில் வெளியிட்டது. 1794-ல் பாரிசிலிருந்து லீல் நகர் வரை கோபுரத்துக்குக் கோபுரம் மரக்கைகளை அசைத்துச் செய்தி அனுப்பிய க்ளோத் ஷாப்பின் நினைவாக அந்தப் பெயர். அரசு மின்னஞ்சல் உள்ளவர்கள் மட்டுமே சேர முடியும் என்றார்கள். வந்த உடனேயே பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் ஒருவர், மின்னஞ்சல் முகவரியை ஒரு தினுசாக எழுதி உள்ளே நுழைந்து காட்டினார். அவரே தகவலும் கொடுத்தார், ஓட்டையை அடைத்தார்கள். பிறகு 2025 ஜூலையில்தான், செப்டம்பர் முதல் அமைச்சகங்கள் இதையே பயன்படுத்த வேண்டும் என்று பிரதமரின் சுற்றறிக்கை வந்தது. இடையில் ஆறு ஆண்டுகள். வைத்தது ஒரு நாள். பார்த்துக்கொண்டது ஆறு ஆண்டு. அவர்களுக்கு அதற்கென்று ஒரு துறையே இருந்தது. நம் சங்கத்தில் யார் இருக்கிறார்கள்?

இனி அந்த 'ஒரே கமாண்ட்' விஷயத்துக்கு வருகிறேன். அன்சிபிள் என்ற கருவி 2012-ல் வந்தது. என்னென்ன நிறுவ வேண்டும், எந்த வரிசையில், எந்த அமைப்போடு என்று ஒரு கோப்பில் எழுதி வைக்கிறார்கள். அதற்கு பிளேபுக் என்று பெயர். மேட்ரிக்ஸுக்கான பிளேபுக்கை வெளியில் சிலர் எழுதி இலவசமாகவே தருகிறார்கள். நம் டொமைன் பெயர், ரகசியச் சொற்கள், எவை வேண்டும், எவை வேண்டாம் என்பதை மட்டும் ஒரு தனிக் கோப்பில் நாம் நிரப்ப வேண்டும். ஓட்டினால், வாடகைக்கு எடுத்த இயந்திரத்துக்குள் அதுவே போய் சினாப்ஸ், தகவல் சேமிக்கும் டேட்டாபேஸ், பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் அமைத்துவிடும். மறுபடி ஓட்டினால் சரியாக இருப்பதைத் தொடாது; மாறிப்போனதை மட்டும் எழுதியபடி திருத்தும்.

இளைஞர்கள் இதில் வேகத்தைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. கையால் ஒவ்வொன்றாகத் தட்டி அமைத்த சர்வரில் என்ன செய்திருக்கிறது என்பது அமைத்தவர் தலைக்குள்தான் இருக்கும். பிளேபுக்கில் அது எழுத்தில் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது சார்ஜ் லிஸ்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கிறோமே, அது எதற்கு? ஆள் போனாலும் இருக்கை நடக்க வேண்டும் என்பதற்காக. அந்தக் கோப்பு கையில் இருந்தால், அடுத்து வருபவர் படித்துப் புரிந்துகொள்ளலாம். புது இயந்திரத்தில் அதே அமைப்பை மீண்டும் எழுப்பலாம்.

ஆனால் கருவி செய்யாதவையும் உண்டு. டொமைன் பெயருக்கு ஆண்டுதோறும் அது பணம் கட்டாது. அந்தப் பெயரை சினாப்ஸில் ஒருமுறை வைத்தால் பிறகு மாற்றவும் முடியாது. செய்திகளையும் படங்களையும் தானாக வேறு இடத்தில் பத்திரப்படுத்தாது. பிளேபுக் இருந்தால் வீட்டைத் திரும்பக் கட்டலாம், உள்ளே இருந்த சாமான் வராது. பூட்டிய அரட்டைகளில் சர்வர் பொறுப்பாளராலும் செய்தியைப் படிக்க முடியாது. ஆகவே மீட்புச் சாவியை ஒவ்வொரு உறுப்பினரும் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். நாம் தினமும் அனுப்பும் காலை வணக்கப் படங்கள் வட்டை நிரப்பும் வேகத்தையும் அது தடுக்காது.

எதை எத்தனை நாள் வைப்பது என்பதையும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளை எழுதிவிடுவோம்: ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். 10 ஆண்டு, கே.டிஸ். 3 ஆண்டு, எல்.டிஸ். 1 ஆண்டு. சினாப்ஸிலும் செய்திகளுக்கு ஆயுள் குறிக்கலாம். தீர்மானங்களுக்கு ஆர்.டிஸ்., காலை வணக்கத்துக்கு எல்.டிஸ். கூட அதிகம்.

சர்வரை யார் வீட்டிலாவது வைக்கலாம், வாடகை மிச்சம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பக்கத்தில் எத்தனை வீடுகளில் கரண்ட் இல்லை என்பது நினைவிருக்கும். சங்கம் பேசிக்கொள்ள வேண்டிய நாளில் சர்வர் இருட்டில் கிடக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கமே இப்போது டேட்டா சென்டர்கள் வந்துவிட்டன. ஜெனரேட்டரோடு ஓடும் அப்படி ஓர் இடத்தில் வாடகைக்கு வைப்பதுதான் முறை.

ஆகவே செயற்குழுவுக்கு என் யோசனை இதுதான். டொமைனும் இயந்திர வாடகையும் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். அமைத்துத் தரும் தம்பியின் பெயரில் வேண்டாம். அவருக்கு நாளைக்கே பெங்களூரிலோ வெளிநாட்டிலோ வேலை கிடைக்கலாம், கிடைக்கட்டும். பிளேபுக் கோப்பின் பிரதி ஒன்று செயலாளரிடம் இருக்கட்டும். அதில் ரகசியச் சொற்கள் இருப்பதால் பூட்டி வைக்கட்டும். குறைந்தது இரண்டு பேருக்கு வேலை தெரிய வேண்டும். மாதம் ஒருமுறை அப்டேட், வாரம் ஒருமுறை காப்பி என்று ஒரு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, அமைத்தவர் கை வைக்காமல், இரண்டாவது ஆள் காப்பியிலிருந்து சர்வரை எழுப்பிக் காட்ட வேண்டும்.

இதற்கு இரண்டு பேர் முன்வந்தால் என் ஓட்டு சர்வருக்கு. ஒருவர்தான் கிடைத்தார் என்றால், இரண்டாமவர் கிடைக்கும்வரை வாட்ஸ்அப்பே இருக்கட்டும். தீர்மானங்களை மட்டும் பழையபடி மினிட் புத்தகத்தில் எழுதி வைப்போம்.