தண்ணீர் படக்கூடாதா?

அரிவாள்மணையில் விரல் அறுபட்டாலோ, தெருவில் விழுந்து முழங்கால் சிராய்த்தாலோ நம் வீடுகளில் முதலில் எழும் குரல், "தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்" என்பதுதான். அடுத்த கணமே மஞ்சள்தூளோ காப்பித்தூளோ வந்து புண்ணில் அப்பப்படும். இரத்தம் நிற்கும், வைத்தியம் பலித்ததென்று எல்லோரும் கலைந்துபோவார்கள். சிறு வெட்டின் இரத்தம் சில நிமிடங்களில் தானே உறையும் என்பதையும், தூளை வைத்து அழுத்திய விரலே பாதி வேலையைச் செய்துவிட்டது என்பதையும் யாரும் நினைப்பதில்லை.

இலக்கியம் படிப்பவர்களான நமக்கு இதில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. 'பாட்டி வைத்தியம்' என்றதுமே அதற்கு ஈராயிரம் ஆண்டு வயதைக் கற்பித்துவிடுகிறோம். ஆ. இரா. வேங்கடாசலபதி 2000-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்பது. கிராமத்துப் பிள்ளைகள் கசக்கிப் பிழியும் வெட்டுக்காயப் பூண்டும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து பரவிய களைதான். அதனாலேயே அதற்குக் குணமில்லை என்றாகாது. ஆனால் மரபென்ற வாதம் அங்கே செல்லாது.

பழஞ்சான்று வேண்டுமென்றால் புறநானூற்றின் 281-ஆம் பாடல் இருக்கிறது. புண்பட்டவன் கிடக்கும் வீட்டில் வேம்பு செருகி, வெண்சிறுகடுகு சிதறி, யாழிசைத்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகையிட்டுப் பெண்கள் காவல் இருக்கிறார்கள். என்னைக் கவர்வது அந்த மருந்துப் பொருள்களல்ல, அந்தக் காவல்தான். அவர்கள் பேய்க்கு அஞ்சினார்கள். நாம் அஞ்ச வேண்டியது மண்ணிலும் சாணத்திலும் உறங்கிக் கிடக்கும் டெட்டனஸ் கிருமிக்கு. சமையலறைத் தூள் எதுவும் கிருமி நீக்கப்பட்டதல்ல. புண்ணுக்குள் அது மேலும் ஓர் அழுக்கு, அவ்வளவே.

ஆக, முதல் மருந்து தண்ணீர்தான். குடிக்கத் தகுந்த நீரே போதும். ஓடும் குழாயடியில் சில நிமிடங்கள் காட்டி மண்துகள் போகக் கழுவ வேண்டும். பிறகு சுத்தமான துணியால், இடையிடையே எடுத்துப் பார்க்காமல், பத்து நிமிடம் அழுத்திப் பிடித்து, மூடிக் கட்ட வேண்டும். எரிந்தால்தான் மருந்து என்று ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுபவர்கள் புதுத்திசுவையும் சேர்த்தே சிதைக்கிறார்கள்.

காற்றாட விட்டால் சீக்கிரம் ஆறும் என்பதும் சரியல்ல. 1962-இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் தோலில் சோதித்து, ஈரம் காக்க மூடிவைத்த புண்ணில் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் படர்வதை 'நேச்சர்' இதழில் எழுதினார். காய்தல் வேறு, ஆறுதல் வேறு. நம் பேச்சில்தான் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

வீட்டோடு நிறுத்தக் கூடாதவையும் உண்டு. ஆழமான வெட்டு, துருப்பிடித்த ஆணிக்குத்து, நீரிழிவுக்காரரின் காலில் எந்தச் சிறு புண்ணும் மருத்துவரிடம் போக வேண்டியவை. தண்ணீருக்கு அஞ்சும் பழக்கம் உயிரையே வாங்கக்கூடிய இடம் நாய்க்கடி. பல்லோ நகமோ கீறியது வெறும் சிராய்ப்பாகவே தெரியும். அதில் மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கீறலைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, எதையும் பூசாமல், அன்றைக்கே தடுப்பூசிக்குக் கிளம்ப வேண்டும்.